மூன்று வரிசை ஃப்ரைதோனாரிட்சா: ஸ்லோவேனியாவின் பொத்தான் அக்கார்டியன் எதற்குத் தேறும், எதற்குத் தேறாது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்லோவேனியப் போல்காவும் வால்ட்ஸும் வாசிக்க வேண்டும், மைக் இல்லாமலே ஒரு முற்றம் நிறைய ஆட்களை ஆட வைக்க வேண்டும் என்றால் இதை மிஞ்சிய கருவி இல்லை. வேறு எந்த இசைக்காகவும் இதை வாங்க வேண்டாம். அழகான பெட்டி, அட்டகாசமான சத்தம் என்று மயங்கி வாங்கியவர்களில் சிலர் ஓராண்டுக்குள் விற்கக் கிளம்புவதற்குக் காரணம் கருவியின் குறை இல்லை. அது என்ன செய்யும் என்று கேட்காமல் வாங்கியதுதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஸ்லோவேனியப் பட்டறைகளில் பரவலாகச் செய்யப்படும் ரகம்: வலக்கைக்கு மூன்று வரிசையில் 33 பொத்தான், இடக்கைக்கு 12 பேஸ் பொத்தான், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று குரல் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ரீடு), பே–எஸ்–ஆஸ் சுருதி (பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், ஏ-ஃபிளாட்). எடை ஆறு கிலோவைத் தொட்டும் தாண்டியும் இருக்கும். பொத்தான் எண்ணிக்கை பட்டறைக்குப் பட்டறை ஒன்றிரண்டு மாறும். அது பெரிய விஷயமில்லை.

ஹார்மோனியம் பழகிய கைக்கு இங்கே முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே வகை உலோக ரீடுதான், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய நாக்கு. ஆனால் ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு ஸ்வரம். இதிலோ துருத்தியை மூடும்போது ஒரு ஸ்வரம், விரிக்கும்போது வேறு ஸ்வரம், விரல் அதே பொத்தானில். ஒரு வரிசையின் அடிப்படைக் கணக்கு இப்படி: மூடும்போது ச, க, ப மட்டும், விரிக்கும்போது ரி, ம, த, நி. எட்டு ஸ்வரம் ஏறுவதற்கு நான்கு பொத்தான் போதும்: ச மூடி, ரி விரித்து, க மூடி, ம விரித்து, ப மூடி, த விரித்து, அப்புறம் நி-யும் விரித்தே, மேல் ச மூடி. அந்த த–நி இடத்தில்தான் புதியவர்களின் கை தடுமாறும். மூடு, விரி, மூடு, விரி என்று பழகிவந்த தாளம் அங்கே உடைகிறது. முதல் மாதம் முழுக்க அந்த ஒரு திருப்பத்தை மட்டும் மெதுவாகச் சாதகம் செய்தாலும் வீண் இல்லை.

இடக்கையும் இதே விதிதான். மூடும்போது ச-வை வேராகக் கொண்ட பேஸும் கார்டும் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு), விரிக்கும்போது பஞ்சமத்தை வேராகக் கொண்டவை. அதாவது துருத்தி திசை மாறும்போதெல்லாம் மெட்டும் பக்க ஒலியும் சேர்ந்தே மாறும். அதனால்தான் இந்தக் கருவியின் போல்காவுக்கு அந்த வெட்டிவெட்டி விழும் தாள அழுத்தம் வருகிறது. அது வாசிப்பவரின் திறமை பாதி, பெட்டியின் கட்டாயம் பாதி.

விரிக்கும்போது பஞ்சமம் வராதே, அப்புறம் நீண்ட விரிப்பில் ப வேண்டுமென்றால்? அதற்காகவே ஒரு பொத்தானை இரண்டு திசையிலும் ஒரே ஸ்வரம் தருமாறு வைத்திருக்கிறார்கள். அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும்; பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும். வாங்கப் பார்க்கும் கருவியில் அந்தச் சொரசொரப்பு தேய்ந்து வழுவழுவென்று இருந்தால் நிறைய உழைத்த பெட்டி என்று பொருள்.

மூன்று வரிசைகளும் ஒன்றுக்கொன்று ஒரு மத்திமம் தள்ளி நிற்கின்றன. வெளி வரிசையின் ம-தான் அடுத்த வரிசையின் ச. போல்காவின் நடுப்பகுதி, அவர்கள் ட்ரியோ என்பது, வழக்கமாக மத்திமச் சுருதிக்கு மாறும். இந்தப் பெட்டியில் அதற்கு விரல்களை ஒரு வரிசை உள்ளே தள்ளினால் போதும், கையமைப்பு அப்படியே. ஆனால் பஞ்சமச் சுருதிக்கு ஏற வேண்டுமென்றால், ஏற்கெனவே வெளி வரிசையில் இருப்பவருக்குப் போக இடமில்லை. நூறாண்டுக்கு மேல் இந்தப் பெட்டிக்காகக் கட்டப்பட்ட மெட்டுகள் ஏன் இப்படியே நடக்கின்றன என்பதற்கு விரல் பலகையைப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

மைனர் பாட்டு கஷ்டம். வலக்கையில் விரிப்பு ஸ்வரங்களை வைத்து ஒப்பேற்றலாம். இடக்கைக் கார்டுகள் பெரும்பாலும் மேஜர். சோக மெட்டை மேலே வைத்துக் கீழே சிரிக்கும் கார்டை வைத்தால் கேட்கச் சகிக்காது. ஸ்லோவேனியாவுக்குள்ளேயே எல்லா வட்டாரத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேலா கிராயினா வட்டாரத்தின் தம்புரிட்சா (மீட்டும் நரம்புக் கருவி) குழுக்கள், ப்ரெக்முர்யே வட்டாரத்தின் சிம்பலம் (அடித்து வாசிக்கும் கம்பிக் கருவி) குழுக்கள் இரண்டும் வேறு உலகம். அந்த இசைதான் பிடிக்கும் என்றால் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இவ்வளவு குறை உள்ள கருவி எப்படி ஒரு நாட்டின் அடையாளமானது? காசுக் கணக்கு ஒரு பெரிய காரணம். 1829-இல் வியன்னாவில் சிரில் டெமியன் அக்கார்டியனுக்குக் காப்புரிமை வாங்கினார். ஸ்லோவேனியப் பகுதிகள் அப்போது அதே ஹப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்ததால் கருவி வந்துசேர அதிகக் காலம் ஆகவில்லை. அதற்குமுன் கிராமக் கல்யாணத்தில் ஆட்டம் வேண்டுமென்றால் வயலின், அடித்து வாசிக்கும் கம்பிக் கருவியான ஓப்ரெகெல், ஒரு பெரிய பேஸ் என்று ஆள் கூட்ட வேண்டும். மெட்டு, கார்டு, பேஸ் மூன்றையும் ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு வந்தால்? மூன்று பேருக்குக் கூலி, சாப்பாடு, படுக்கை என்பது ஒருவருக்கானது ஆனது. மழையில் நரம்பு தளராது, நடந்துகொண்டே வாசிக்கலாம், சத்தமோ இரட்டிப்பு. பழைய கருவிகள் பல இடங்களில் ஓசையின்றி ஒதுங்கிப்போனதற்கு இந்தப் பெட்டியும் பொறுப்பு.

ஊர்ப்பக்கம் இப்படி இருக்க, லியுப்லியானாவில் இசைக்கு வேறு வாசல்கள். 1794-இல் தொடங்கிய பில்ஹார்மோனிக் சங்கம் 1819-இல் பீத்தோவனைக் கௌரவ உறுப்பினராக்கிய இடம். 1872-இல் கிளாஸ்பெனா மாதிட்சா சங்கம் ஸ்லோவேனிய மொழிப் பாடலுக்கும் சேர்ந்திசைக்கும் என்றே எழுந்தது; பத்து ஆண்டில் இசைப்பள்ளியும் திறந்தது. அந்த மேடைகளில் பொத்தான் பெட்டிக்கு இடமில்லை. இசைப்பள்ளிகள் அக்கார்டியன் சொல்லிக்கொடுத்த காலத்திலும் நெடுநாள் பியானோ கட்டை வைத்த அக்கார்டியனைத்தான் சொல்லிக்கொடுத்தன. ஃப்ரைதோனாரிட்சா அப்பாவிடமிருந்து மகனுக்கு, காது வழியாகவே போனது. இன்று அரசு இசைப்பள்ளிகளில் அது தனிப் பாடம். வாங்குபவருக்கு இதில் நேரடி லாபம் உண்டு: முறையான பாடத்திட்டமும் தபலேச்சர் புத்தகங்களும் கிடைக்கின்றன. எந்த வரிசை, எத்தனையாவது பொத்தான், மூடலா விரிப்பா என்று தாளிலேயே இருக்கும். ஐந்து கோட்டு இசைக்குறி தெரியாதவரும் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: தபலேச்சரில் மட்டுமே பழகியவர் வேறு பொத்தான் அமைப்புள்ள பெட்டி கையில் வந்தால் திணறுவார். பாதிப் பாட்டையாவது காதால் பிடித்துப் பழகுவது நல்லது.

எந்த அக்கார்டியன் என்று குழம்புபவர்களுக்கு இரண்டு பெயர்கள் வழிகாட்டும். 1953-இல் பெகூன்யே ஊர்ச் சகோதரர்கள் ஸ்லாவ்கோ அவ்செனிக்கும் வில்கோ அவ்செனிக்கும் உருவாக்கிய குழு, ட்ரம்பெட், கிளாரினெட், அக்கார்டியன், கிட்டார், பாரிட்டன் என்ற ஐந்து கருவி அமைப்பை நிலைநிறுத்தியது. ஆனால் ஸ்லாவ்கோவின் கையில் இருந்தது பியானோ கட்டை அக்கார்டியன். அந்த பாணியின் சுருதி மாற்றங்களும் குரோமேட்டிக் ஓட்டங்களும் பொத்தான் பெட்டியில் அப்படியே வராது. 1957-இல் குழு தொடங்கிய லோய்ஸே ஸ்லாக் வாசித்ததுதான் ஃப்ரைதோனாரிட்சா. பின்னால் பிரப்ரோத்னோ ஆண்கள் குழுவின் பாட்டு, முன்னால் பொத்தான் பெட்டி. கிராமத்துக் கருவி வானொலியிலும் இசைத்தட்டிலும் தலைநிமிர்ந்தது அவரால். அவ்செனிக் போல வாசிக்க ஆசை என்றால் கட்டை அக்கார்டியன் வாங்குங்கள். ஸ்லாக் போல என்றால் இது. கடையில் நின்று யோசிக்கும் பலரின் குழப்பம் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும்.

சுருதி தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்லோவேனியாவில் ஜெர்மன் வழக்கப்படி பே என்றால் பி-ஃபிளாட்; பி நேச்சுரலுக்கு ஹா என்று பெயர். ஆகவே பே–எஸ்–ஆஸ் என்பது பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், ஏ-ஃபிளாட். ஆங்கில வழக்கத்தில் பழகிய ஒருவர் விலைப்பட்டியலில் பே என்ற எழுத்தைப் பார்த்து பி என்று நினைத்து எழுதி வாங்கினால், பெட்டி அரைஸ்வரம் தள்ளி வந்து இறங்கும். மாற்றித்தர முடியாது, உள்ளே உள்ள ரீடு அத்தனையும் வேறு. குழுவில் வாசிக்க பே–எஸ்–ஆஸ் வசதி, ஏனென்றால் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி-ஃபிளாட் கருவிகள். தனியாகப் பாடி வாசிப்பவர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியை எடுக்கட்டும். ட்சே–எஃப்–பே (சி, எஃப், பி-ஃபிளாட்) ஒரு முழு ஸ்வரம் மேலே, ஒலி இன்னும் பளிச்சென்று இருக்கும். கூடவே ஏ ஸ்வரத்தின் அளவு வினாடிக்கு 440 அதிர்வா 442 அதிர்வா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊது கருவிக்காரர் ஓரளவு ஏற்றி இறக்கிக்கொள்வார்; ரீடு அசையாது.

உள்ளே போகலாம். ஒரு பொத்தானுக்கு மூன்று குரல், இரண்டு திசை, ஆக ஆறு எஃகு நாக்கு. 33 பொத்தானுக்கு வலப்பக்கம் மட்டும் 198. ஒரு தகட்டில் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாக்கு என்று 99 தகடுகள், மரக்கட்டைகளில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையால் ஒட்டப்பட்டவை. உச்ச ஸ்தாயிச் சிறு நாக்குகள் போக மற்ற எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு மெல்லிய தோல் நாடா இருக்கும். ஒரு திசைக் காற்று மறு திசை நாக்கின் வழியாக வீணாகாமல் அது தடுக்கிறது. நல்ல பட்டறைகள் ரீடை இத்தாலியிலிருந்து வரவழைப்பது வழக்கம். ஆர்டரில் கைவேலை ரகமா இயந்திர ரகமா என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் மெல்ல வாசிக்கும்போதுதான் தெரியும்: கைவேலை ரீடு மூச்சுக் காற்றளவு அழுத்தத்திலேயே பேசும்.

இடப்பக்க ஹெலிகான் பேஸ்தான் இந்தக் கருவியின் உயிர். அகலமான பெரிய நாக்குகள், தாராளமான அறை. பித்தளைக் குழல் வாசிப்பது போன்ற ஒலி, வயிற்றில் உணரலாம். பெட்டியின் மரம் செர்ரி, வால்நட், மேப்பிள் எதுவானாலும் காதுக்குப் பெரிய வேறுபாடு இல்லை என்பது எங்கள் கணிப்பு, கண்ணுக்குத்தான். செர்ரி ஆண்டு ஏற ஏறச் சிவந்து கறுக்கும். துருத்தி மடிப்பில் கார்னேஷன் பூ வேலைப்பாடு வைத்தால் விலை ஏறும், ஒலி ஏறாது.

மூன்று குரலை எப்படிச் சுருதி சேர்க்கிறார்கள் என்பதில்தான் பெட்டியின் குணம் இருக்கிறது. ஒன்று சரியாக 440, இரண்டாவது 443, மூன்றாவது 437 என்று வைத்தால், நடுக்குரலோடு மற்ற இரண்டும் வினாடிக்கு 3 அலைவு அலையும். அதுதான் அந்த நடுங்கும் இனிப்பு. இடைவெளியைக் கூட்டினால் வெளி மேடையில் எடுபடும், வீட்டு அறையில் காது கூசும். குறைத்தால் பதிவுக் கூடத்துக்கு நல்லது, திறந்தவெளியில் சப்பென்று இருக்கும். பட்டறைக்காரரிடம் "நல்லா சுருதி சேர்த்துத் தாங்க" என்று சொன்னால் அவர் பழக்கம்தான் வரும். எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இனி எது கெடும். முதல் எதிரி வெயிலில் நிறுத்திய கார். மெழுகு இளகித் தகடு சரியும். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சீறலோடு இரட்டையாகக் கேட்டால் அதுதான். அடுத்தது அதன் நேரெதிர்: ஆல்ப்ஸ் பக்கக் குளிர்காலத்தில் உறைந்த மெழுகு நொறுங்கும், கீழே விழுந்தால் தகடு கழன்றே போகும். குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்து வாசித்தால் எஃகு நாக்கில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். உறையோடு ஒரு மணிநேரமாவது ஓரமாக வைத்துவிட்டுப் பிறகு திறப்பதே முறை.

ஒரு ஸ்வரம் திடீரென்று ஊமையானால் பெரும்பாலும் தூசி அல்லது ஒரு நூலிழை நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கியிருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை இரு திசையிலும் சற்று வேகமாக இயக்கிப் பாருங்கள். பல சமயம் தானே விலகும். விலகாவிட்டால் துருத்தியின் ஊசிகளைக் கழற்றித் திறந்து, நாக்கின் நுனியை மெல்லிய தகட்டால் ஒரு முறை லேசாகத் தூக்கிவிட்டாலே போதும். சுரண்டக் கூடாது. நுனியில் துளி சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப் பக்கம் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்ப்பவர் காசு வாங்கிச் செய்யும் வேலையை நீங்கள் தவறுதலாகச் செய்துவிடுவீர்கள்.

பேஸ் தாமதமாகப் பேசினால் இரண்டில் ஒன்று: தோல் நாடா சுருண்டிருக்கிறது, அல்லது நாக்கு நுனி தகட்டிலிருந்து அளவுக்கு மீறி எழும்பியிருக்கிறது. மெல்ல வாசித்தால் சரியாக இருந்து, வேகமாக இழுத்தால் மூச்சடைத்து நின்றுபோனால் அந்த இடைவெளி போதாது. நாக்கு நுனியின் தடிமன் அளவு இடைவெளி என்பது பட்டறைகளின் பொது அளவுகோல். தோல் சுருளாமல் இருக்க, பெட்டியை மாதக்கணக்கில் மல்லாக்கப் போடாமல் வாசிக்கும் நிலையிலேயே நிமிர்த்தி வையுங்கள்.

பழைய பெட்டி வாங்குபவர்கள் இந்த வரிசையில் பார்க்கலாம். முதலில் எந்தப் பொத்தானையும் தொடாமல் வலப்பக்கத்தைக் கையில் பிடித்து இடப்பக்கத்தைத் தொங்கவிடுங்கள். துருத்தி சோம்பலாக இறங்கினால் நல்லது. தொப்பென்று விழுந்தால் கசிவு. மடிப்பு மூலைகளில் கன்னத்தை வைத்துப் பார்த்தால் காற்று எங்கே போகிறது என்று தெரியும். பிறகு 33 பொத்தானையும் ஒவ்வொன்றாக, மூடி ஒரு தடவை விரித்து ஒரு தடவை, மிக மெதுவான காற்றில். 66 ஒலி கேட்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள். அடுத்து பேஸ். கடைசியாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாக்கில் செம்புள்ளி, பூஞ்சை வாடை, வெளிறி வெடித்த மெழுகு, இவற்றில் ஒன்று இருந்தால் முழு மெழுகு மாற்றமும் சுருதி சேர்ப்பும் சேர்த்து விலையைப் பேசுங்கள். ஒரு குரல் மட்டும் சற்று விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், சரிசெய்யக்கூடியது.

புதியது என்றால் சில ஆயிரம் யூரோ ஆகும், ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெலோடியா அக்கார்டியன் தொழிற்சாலை இருந்த மெங்கேஷ் ஊரைச் சுற்றி இன்றும் இந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாதிரி பார்க்க அங்கே ஒரு நாள் ஒதுக்கலாம். லியுபெச்னாவில் நடக்கும் பொத்தான் அக்கார்டியன் போட்டி அதைவிட நல்ல கடை: பல பட்டறைகளின் பெட்டிகளை, சரியாக வாசிக்கத் தெரிந்தவர்கள் கையில், ஒரே நாளில் கேட்டுவிடலாம். நான்கு வரிசைப் பெட்டி, உள்ளே பொருத்திய மைக், மின்னணு ஒலிக் கருவிகளோடு இணைக்கும் மிடி எல்லாம் இருக்கின்றன. முதல் பெட்டிக்கு மூன்றும் வேண்டாம். நான்காவது வரிசை எடையைத்தான் கூட்டும், மைக்கைப் பின்னால் பொருத்திக்கொள்ளலாம்.

இரட்டைத் தோள்வாரை மட்டும் பெட்டியோடு வருவதையே வைத்துக்கொள்ளாமல் அகலமான, உள்ளே பஞ்சு வைத்த வாராக மாற்றுங்கள். இடது வாரை வலதைவிட ஓரிரு துளை இறுக்கினால்தான் வலப்பக்கப் பலகை ஆடாமல் நிற்கும். இடக்கைப் பட்டை கை நழுவாத அளவு இறுக்கம், கட்டைவிரல் காற்றுப் பொத்தானை எட்டும் அளவு தளர்வு. மூடும்போது அந்தக் காற்றுப் பொத்தானை அழுத்தாமல் பெட்டியை அமுக்கிப் பூட்டினால் மடிப்பு மூலைத் தோல்தான் முதலில் கிழியும்.